டிஸ்க் நிறைஞ்சு போச்சு சார்: எல்விஎம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு ஸ்டுடியோ, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், பள்ளிக்கூட லேப் என்று லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேலை செய்து தருகிறேன். ஃபோன் அடித்தால் பாதி நேரம் ஒரே விஷயம்தான்: இடம் பத்தலை. அதற்கு லினக்ஸில் உள்ள வழிதான் எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்). ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை அவர்கள் கேட்ட வார்த்தையோடு இங்கே சேர்த்திருக்கிறேன்.

கட்டளைகளை ஃபோனில் வாசித்துக் காட்டும் ஓசையிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் சொல்) சேர்த்துத் தட்டுங்கள். சுருக்க எழுத்தில் சின்ன எல்லும் பெரிய எல்லும் ஆளைக் குழப்பும் என்பதால் --சைஸ், --எக்ஸ்டெண்ட்ஸ் என்று முழுச் சொல்லாகவே கொடுத்திருக்கிறேன்.

எல்விஎம்னா என்ன சார்? பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் பண்ணா போதாதா?

இடம் தீராத வரைக்கும் போதும். பார்ட்டிஷன் வயலில் போட்ட வரப்பு மாதிரி. உங்கள் வயல் பத்தவில்லை என்றால் வரப்பை நகர்த்த வேண்டும். பக்கத்து வயலில் பயிர் நின்றால் நகர்த்த முடியாது. வேறு ஊரில் நிலம் வாங்கினாலும் அது தனி வயல்தான், இதோடு ஒட்டாது.

எல்விஎம் குதிர் மாதிரி. எந்த வயலில் விளைந்த நெல்லானாலும் ஒரே குதிரில் கொட்டி, வேண்டியவருக்கு வேண்டிய அளவு மரக்காலால் அளந்து கொடுக்கிறோம். குதிருக்குள் போகத் தயாரான டிஸ்க் அல்லது பார்ட்டிஷனுக்கு பிவி என்று பெயர். குதிர்தான் விஜி. அளந்து கொடுத்த பங்கு எல்வி. மரக்காலுக்கு எக்ஸ்டெண்ட் என்று பெயர். நாம் மாற்றாவிட்டால் ஒன்று 4 எம்ஐபி (1024-ஆல் பெருக்கி எண்ணும் எம்பி; ஜிஐபி, டிஐபி என்பவையும் அப்படித்தான்). எல்வியின் மேல் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம் உட்காரும். லினக்ஸுக்கு இதை 1998-ல் முதலில் எழுதியவர் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன். எச்பி யூனிக்ஸில் இருந்த முறையைப் பார்த்துச் செய்தார்.

டிஸ்க், பிவி, விஜி, எல்வி, ஃபைல் சிஸ்டம். கீழிருந்து மேலே இந்த ஐந்து அடுக்கு. என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரியாமல் கட்டளை கொடுத்ததால் வந்தவைதான். கீழே உள்ள பதில் எல்லாவற்றிலும் இந்த வரிசை திரும்பத் திரும்ப வரும்.

உபுண்டு சர்வர் 500 ஜிபி எஸ்எஸ்டில போட்டேன். டிஎஃப் அடிச்சா 98 ஜிபிதான் வருது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை, பாவம், அவர் மேல் தப்பில்லை. டிஎஃப் கட்டளை ஃபைல் சிஸ்டத்தின் அளவைத்தான் காட்டும், டிஸ்க்கின் அளவை இல்லை. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலரில் எல்விஎம் தேர்வு செய்தால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு (சிஸ்டம் உட்காரும் எல்வி) 100 ஜிபி மட்டும் அளந்து கொடுத்துவிட்டு மீதியைக் குதிரிலேயே வைத்துவிடும். விஜிஎஸ் என்று தட்டுங்கள். கடைசிப் பத்தியில் விஃப்ரீ என்ற தலைப்புக்குக் கீழே உங்கள் மீதி இடம் அப்படியே இருக்கும். எடுத்துக்கொள்ள ஒரே வரி போதும்:

எல்விஎக்ஸ்டெண்ட் --ரீசைஸ்எஃப்எஸ் --சைஸ் +200ஜி /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி

டிஎஃப்பில் இதே பெயர் உபுண்டு--விஜி-உபுண்டு--எல்வி என்று இரட்டைக் கோடுகளோடு தெரியும். விஜி பெயரையும் எல்வி பெயரையும் ஒற்றைக் கோடு பிரிப்பதால், பெயருக்குள்ளேயே இருக்கும் கோட்டை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

புது டிஸ்க்ல முதல்லேருந்து எல்விஎம் போடணும். ஒண்ணொண்ணா சொல்லுங்களேன்.

முதல் கட்டளை எதையும் மாற்றாத ஒன்று: எல்எஸ்பிஎல்கே. எந்த டிஸ்க் எஸ்டிஏ, எது எஸ்டிபி என்று அது காட்டும். -ஓ +சீரியல் சேர்த்தால் சீரியல் நம்பரும் வரும். அதை டிஸ்க்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் கடைசி நான்கு எழுத்தை மாஸ்கிங் டேப்பில் எழுதி டிஸ்க்கின் முன்பக்கம் ஒட்டிவிடுவேன். இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்றுதான், தப்பான டிஸ்க்கைத் தொடுவது. இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் மற்றதெல்லாம் சுலபம்.

பிறகு ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் டிஸ்க் முழுவதற்கும் ஒரே பார்ட்டிஷன் போட்டு, வகையை லினக்ஸ் எல்விஎம் என்று வையுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிஐபிக்கு மேல் எட்டாது. பிறகு வரிசையாக:

பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிபி1
விஜிகிரியேட் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிபி1
எல்விகிரியேட் --சைஸ் 2டி --நேம் கல்யாணம் ஸ்டுடியோ
எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 /டெவ்/ஸ்டுடியோ/கல்யாணம்

ஐந்து அடுக்கும் நான்கு வரியில் முடிந்தது. ஸ்டுடியோ, கல்யாணம் என்பவை நீங்கள் வைக்கும் பெயர்கள். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் எல்விஎம் ஏற்காது. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான். கடைசியாக ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்து (அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணைத்து), பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரி சேர்க்கும்போது நோஃபெயில் என்பதையும் சேருங்கள். அது இல்லாமல் டேட்டா டிஸ்க்கின் கேபிள் கழன்றால் சர்வரே பூட் ஆகாமல் நடுவில் நின்றுவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஏற்கெனவே இருக்கிறது நிறைஞ்சிடுச்சு. இன்னொரு டிஸ்க் வாங்கி அதோட சேக்கணும், எப்படி?

முன் பதிலில் சொன்னபடி டிஸ்க்கை அடையாளம் பார்த்து, பார்ட்டிஷன் போட்ட பிறகு மூன்று வரி:

பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிசி1
விஜிஎக்ஸ்டெண்ட் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிசி1
எல்விஎக்ஸ்டெண்ட் --ரீசைஸ்எஃப்எஸ் --சைஸ் +1டி /டெவ்/ஸ்டுடியோ/கல்யாணம்

அந்தக் கூட்டல் குறியைக் கவனியுங்கள். +1டி என்றால் இருப்பதோடு ஒரு டிபி கூட்டு என்று அர்த்தம். குறி இல்லாமல் 1டி என்றால் மொத்தமே ஒரு டிபி ஆக்கு என்று அர்த்தம். எல்விஎக்ஸ்டெண்ட் என்றால் குறைக்க மாட்டேன் என்று மறுத்துவிடும். எல்விரீசைஸ் கட்டளை குறைக்கவும் செய்யும். பெருக்கும் வேலைக்கு எல்விஎக்ஸ்டெண்டை மட்டும் பயன்படுத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதுக்கு சர்வரை நிறுத்தணுமா? உள்ள வேலை ஓடிட்டிருக்கு.

பெருக்குவதற்கு நிறுத்த வேண்டாம். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் மவுண்ட் ஆன நிலையிலேயே பெரிதாகும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மவுண்ட் ஆகியிருந்தால்தான் முடியும்.

ஒரு வைகாசி முகூர்த்த நாள் ராத்திரி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்திலிருந்து வந்த பையன் இரண்டு கேமரா கார்டைச் செருகி சர்வருக்கு காப்பி போட்டுவிட்டான். 128 ஜிபி கார்டு இரண்டு. சர்வரில் மிச்சம் 90 ஜிபி. காப்பியை நிறுத்தினால் எதுவரை வந்தது என்று மறுபடி சரிபார்க்க வேண்டும், காலையில் அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தக் கார்டுகளே வேண்டும். காப்பி ஒரு ஜன்னலில் ஓட, இன்னொரு ஜன்னலில் மேலே உள்ள மூன்றாவது வரியைத் தட்டினேன். சில விநாடிதான். டிஎஃப் எண் மாறியது. காப்பி ஓடிய ஜன்னலில் ஒரு வரி கூட நிற்கவில்லை. அந்த ஸ்டுடியோவின் விஜியில் ஒதுக்காத இடம் இருந்ததால்தான் அன்று அது முடிந்தது.

புது டிஸ்க்கைச் செருகுவதற்கு மட்டும், பெட்டி ஹாட் ஸ்வாப் (ஓடும்போதே டிஸ்க் மாற்றக்கூடிய) வகையாக இல்லாவிட்டால், நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்போ மொத்த இடத்தையும் எல்விக்கே கொடுத்துடலாமே? ஏன் மீதி வைக்கணும்?

--சைஸுக்குப் பதில் --எக்ஸ்டெண்ட்ஸ் +100%ஃப்ரீ என்று போட்டால் குதிரில் இருப்பதை எல்லாம் துடைத்துக் கொடுத்துவிடும் (அதில் ஃப்ரீ மட்டும் பெரிய எழுத்து). வேண்டாம் என்பதே என் கருத்து. பெருக்குவது சில விநாடி வேலை, குறைப்பது அரை நாள் வேலை. இன்றைக்கு வேண்டியதும் ஆறு மாதத்துக்கு வேண்டியதும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மீதியைக் குதிரில் விடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ராத்திரி மாதிரி ஒன்று உங்களுக்கும் வரும். ஸ்னாப்ஷாட் எடுக்கவும் இந்த மீதி இடம்தான் உதவும், அது பின்னால் வருகிறது.

எல்விஎக்ஸ்டெண்ட் கொடுத்தேன், சக்சஸ்னு வந்துச்சு. டிஎஃப்ல அதே பழைய சைஸ்தான் காட்டுது!

--ரீசைஸ்எஃப்எஸ் விட்டுப்போயிருக்கும். நான்காவது அடுக்கான எல்வி வளர்ந்துவிட்டது, ஐந்தாவது அடுக்கான ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியாது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்து எல்வியின் பெயரைச் சொல்லுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கொடுத்து மவுண்ட் ஆன ஃபோல்டரைச் சொல்லுங்கள். எது என்று தெரியாவிட்டால் டிஎஃப் -டி (இது பெரிய டி) வகையைக் காட்டும்.

1 டிபி டிஸ்க் வாங்கினா 931தான் காட்டுது, ஃபார்மேட் பண்ணா இன்னும் குறையுது. எல்விஎம் தின்னுடுதா?

எல்விஎம் எடுத்துக்கொள்வது பிவியின் தொடக்கத்தில் ஒரு எம்ஐபி அளவுதான். கம்பெனி 1000-ஆல் பெருக்கி எண்ணுகிறது, எல்விஎம் 1024-ஆல் பெருக்கி எண்ணுகிறது. அந்த வித்தியாசத்தில் 1 டிபி 931 ஜிஐபி ஆகிறது. பெட்டியில் போட்டிருப்பதும் பொய்யில்லை.

அதற்கு மேல் குறைவது இஎக்ஸ்டி4-இன் வழக்கம். மொத்தத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று (சிஸ்டத்தின் நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி! சிஸ்டம் இருக்கும் ரூட்டில் அப்படியே விடுங்கள். வெறும் வீடியோ, படம் போடும் எல்வியில் டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து ஒரு விழுக்காடாக்கிவிடலாம். உடனே இடம் திரும்ப வரும்.

ஹோமுக்கு நிறைய கொடுத்துட்டேன், ரூட்டுக்குப் பத்தலை. அதுலேருந்து எடுத்து இதுல போட முடியுமா?

ஹோம் (பயனர்களின் ஃபோல்டர்கள் இருக்கும் எல்வி) இஎக்ஸ்டி4 என்றால் முடியும். முதலில் பேக்கப். பிறகு ஹோமை அன்மவுண்ட் செய்ய வேண்டும். மவுண்ட் ஆன நிலையில் சுருங்காது. அதன் பின் எல்விரெட்யூஸ் --ரீசைஸ்எஃப்எஸ் --சைஸ் -50ஜி என்று எல்வி பெயரோடு கொடுங்கள். பெருக்கும்போது எல்வி முதலில், ஃபைல் சிஸ்டம் பிறகு. குறைக்கும்போது இதற்கு நேர் எதிர்: ஃபைல் சிஸ்டம் சுருங்கிய பிறகே எல்வி சுருங்க வேண்டும். --ரீசைஸ்எஃப்எஸ் அந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். அது இல்லாமல் எல்வியை மட்டும் வெட்டினால் ஃபைல் சிஸ்டத்தின் வாலும் சேர்ந்து போய்விடும்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால் இந்த வழி இல்லை. ரெட் ஹாட் வகைகளில் 2014-ல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் அதுதான் இயல்பாக வருகிறது. டேட்டாவை வேறு இடத்தில் காப்பி எடுத்து, அந்த எல்வியை அழித்து, சின்னதாகப் போட்டு, திரும்பக் கொட்ட வேண்டும்.

மூணு டிஸ்க்கைச் சேத்து ஒரே எல்வியா போட்டிருக்கேன். ஒண்ணு போயிடுச்சுன்னா மத்த ரெண்டுல இருக்கிறது தப்பிச்சிடும்ல?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். தப்பிக்கும் என்று நம்பாதீர்கள். ஒரே எல்வி மூன்று டிஸ்க்கில் பரவியிருந்தால், ஃபைல் சிஸ்டத்துக்கு அது ஒரே பாய். நடுவில் ஒரு துண்டு கிழிந்தால் முழுப் பாயும் பழுது. மீதி இரண்டு டிஸ்க்கில் இருக்கும் துண்டுகளை வைத்துக் கொஞ்சம் மீட்க முடியலாம், ஆனால் எது வரும் எது வராது என்று யாரும் உறுதி தர முடியாது. மூன்று டிஸ்க் சேர்த்தால் இடம் மும்மடங்கு. ஏதாவது ஒன்று பழுதாகி எல்லாம் போகும் வாய்ப்பும் ஏறக்குறைய மும்மடங்கு.

விஜியில் மூன்று டிஸ்க் இருந்தும், அந்த எல்வி முழுக்க ஒரே டிஸ்க்கில் இருந்தால் கதை வேறு. மற்ற டிஸ்க் போனாலும் அது பிழைக்கும். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க எல்விஎஸ் -ஓ +டிவைசஸ். எல்விகிரியேட், எல்விஎக்ஸ்டெண்ட் வரிகளின் கடைசியில் ஒரு பிவியின் பெயரைச் சேர்த்தால் அந்த டிஸ்க்கிலிருந்து மட்டும் எடுக்கும். கடைக்கணக்கு ஒரு டிஸ்க்கில், வீடியோ இன்னொன்றில் என்று அப்படிப் பிரித்து வையுங்கள்.

அப்போ மிரர் போட்டுட்டா கவலையில்லைதானே?

மிரர் என்றால் ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது. டிஸ்க் பழுதாகும் கவலை குறையும். இருக்கும் எல்வியையே மிரராக மாற்றலாம்: விஜியில் இன்னொரு டிஸ்க்கில் அதே அளவு இடம் இருந்தால், எல்விகன்வர்ட் --டைப் ரெய்டு1 --மிரர்ஸ் 1 ஸ்டுடியோ/கல்யாணம். வேலை ஓடும்போதே நகல் ஆகும். எல்விஎஸ் கொடுத்தால் எத்தனை விழுக்காடு ஆனது என்று தெரியும். 100 வரும் வரை மிரர் இருப்பதாக எண்ண வேண்டாம்.

கவலையே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதையும், 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். தரையில் வைத்த ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் தண்ணீர் இரண்டையும்தான் நனைக்கும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வையுங்கள். சர்வர் பெட்டியை மேசைக்கு மேலே ஏற்றுங்கள். எல்விஎம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஸ்னாப்ஷாட் எடுத்தா அதுவே பேக்கப்தானே?

இல்லை. சாதாரண ஸ்னாப்ஷாட், எடுத்த பிறகு மாறும் பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டும் ஒதுக்கி வைக்கிறது. மாறாதவை எல்லாம் மூல எல்வியில்தான் இருக்கின்றன. மூலம் போனால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு. அதற்கென்று ஒதுக்கிய இடம் நிறைந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

நல்ல பயன் இரண்டு உண்டு. ஒன்று, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு நொடியை உறைய வைத்து, அதிலிருந்து வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, உடனே அழித்துவிடுவது (எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுண்ட் செய்யும்போது நோயுயுஐடி சேர்க்க வேண்டும்). இன்னொன்று, பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ரூட்டை எடுத்து வைப்பது. சொதப்பினால் எல்விகன்வர்ட் --மெர்ஜ் கொடுத்து ரீபூட் செய்தால் பழைய நிலை. மாதக்கணக்கில் ஸ்னாப்ஷாட்டை விட்டு வைக்காதீர்கள், எழுதும் வேகம் குறையும்.

பழைய டிஸ்க்குல டிக் டிக்னு சத்தம் வருது. டேட்டாவோட அதைக் கழட்ட முடியுமா?

சத்தம் வந்த டிஸ்க்கில் முதல் வேலை முக்கியமானதை வெளியே காப்பி எடுப்பது. அது முடிந்த பிறகு பேசுவோம். ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொடுத்து டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். படிக்கவே திணறும் டிஸ்க்கில் பிவிமூவ் (டேட்டாவை இன்னொரு டிஸ்க்குக்கு நகர்த்தும் கட்டளை) செய்ய வேண்டாம். அங்கே டிடிரெஸ்கியூ வைத்து நகல் எடுப்பதுதான் வழி.

டிஸ்க் இன்னும் நன்றாகப் படிக்கிறது, வயதாகிவிட்டதால் மாற்றுகிறோம் என்றால் எல்விஎம்மின் அருமை இங்கேதான். புது டிஸ்க்கை விஜிஎக்ஸ்டெண்ட் செய்து சேர்த்த பிறகு:

பிவிமூவ் /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிடி1
விஜிரெட்யூஸ் ஸ்டுடியோ /டெவ்/எஸ்டிபி1
பிவிரிமூவ் /டெவ்/எஸ்டிபி1

மரக்கால் மரக்காலாக நெல் இடம் மாறும், ஆட்கள் வேலை செய்துகொண்டே இருக்கலாம். விநாடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம்: பெயர் எதுவும் சொல்லாமல் வெறும் பிவிமூவ் என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இருந்தாலும் யூபிஎஸ் நல்ல நிலையில் இருக்கும் நாளாகப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர்களிடம் இந்த வேலையை ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளச் சொல்வேன். முகூர்த்தம் இல்லாத மாதம், சர்வருக்கும் ஓய்வு.

எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே விஜில போடலாமா? யூஎஸ்பி டிஸ்க்கு?

போடலாம், ஆனால் எந்தப் பங்கு எதில் விழும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் வேகமான எஸ்எஸ்டியில் பழைய வீடியோவும் மெதுவான டிஸ்க்கில் டேட்டாபேஸும் போய் உட்காரும். தனித்தனி விஜி வைப்பதே நிம்மதி. யூஎஸ்பி டிஸ்க்கைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். யாராவது ஃபோன் சார்ஜ் போட அதைப் பிடுங்கினால், மூன்று டிஸ்க் கேள்வியில் சொன்ன நிலைதான்.

விஜியில 300 ஜிபி ஃப்ரீயா இருக்கு, ஆனா பூட் நிறைஞ்சிடுச்சுன்னு அப்டேட் நிக்குது.

கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷனை இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே தனியாகத்தான் வைக்கின்றன. குதிரில் எவ்வளவு நெல் இருந்தாலும் அங்கே போகாது. பழைய கெர்னல்களை நீக்குங்கள். உபுண்டுவில் ஏபிடி ஆட்டோரிமூவ் போதும்.

கிளவுட் சர்வர்ல டிஸ்க்கை 80லேருந்து 160 ஆக்கிட்டேன். விஜிஎஸ்ல ஃப்ரீ பூஜ்யம்தான் காட்டுது.

அடுக்குகளைக் கீழிருந்து எண்ணுங்கள். டிஸ்க் வளர்ந்தது. அதற்குள் இருக்கும் பார்ட்டிஷன் வளரவில்லை, அதனால் பிவியும் வளரவில்லை. எல்எஸ்பிஎல்கே பார்த்து, பிவி மூன்றாம் பார்ட்டிஷனில் இருந்தால்:

குரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 3
பிவிரீசைஸ் /டெவ்/எஸ்டிஏ3

முதல் வரியில் எஸ்டிஏவுக்கும் 3-க்கும் நடுவே இடைவெளி உண்டு, இரண்டாம் வரியில் இல்லை. இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. இப்போது விஃப்ரீயில் 80 வரும். பிறகு வழக்கமான எல்விஎக்ஸ்டெண்ட்.

பழைய சர்வர் போச்சு. அதோட டிஸ்க்கைக் கழட்டி புது சர்வர்ல மாட்டினா ரெண்டுமே உபுண்டு-விஜினு வந்து குழப்புது.

டிஸ்க்கை மாட்டியதும் எஸ்டிபி எஸ்டிடி ஆனாலும் எல்விஎம் தடுமாறாது. பெயரைப் பார்க்காமல் பிவிக்குள் எழுதிய யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. ஆனால் இரண்டு விஜிக்கு ஒரே பெயர் இருந்தால் எதைச் சொல்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. விஜிஎஸ் -ஓ +விஜி_யுயுஐடி கொடுத்து, அளவைப் பார்த்துப் பழையது எது என்று உறுதி செய்து, விஜிரீநேம் கொடுத்து அந்த நீண்ட யுயுஐடியையும் ஒரு புதுப் பெயரையும் சொல்லுங்கள். பிறகு விஜிசேஞ்ச் -ஏஒய் புதுப்பெயர் என்றால் எல்விகள் எழுந்துவிடும். முதல் முறை படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள்.

ரெட் ஹாட் 9 வகையில் மாட்டிய டிஸ்க்கின் விஜி தெரியவே தெரியாமல் இருக்கலாம். அங்கே எந்தெந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விஜிஇம்போர்ட்டிவைசஸ் கொடுத்து விஜியின் பெயரைச் சொன்னால் பட்டியலில் சேரும்.

டிஸ்க்கை விண்டோஸ்ல மாட்டினோம், இனிஷியலைஸ்னு கேட்டுச்சு, ஓகே கொடுத்துட்டோம். எல்லாம் போச்சா சார்?

இதைக் கேட்டது ஒரு அச்சகம். பத்து வருட அழைப்பிதழ் டிசைன்கள். டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே பிவி ஆக்கியிருந்தார்கள். எல்விஎம் அதை ஏற்கும், ஆனால் விண்டோஸ் கண்ணுக்கு அது வெற்று டிஸ்க். பார்ட்டிஷன் போடுங்கள் என்று மேலே சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான். நான் போனபோது அவர்கள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். விஜிஎஸ் கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை. வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, ஃபார்மேட் கொடுக்கவில்லை. இனிஷியலைஸ் மட்டும் என்றால் டிஸ்க்கின் தொடக்கத்தில் சில பத்து செக்டாரிலும் கடைசியிலும் ஜிபிடி அட்டவணையை எழுதுகிறது. பிவியின் முத்திரை இரண்டாவது செக்டாரில் இருப்பதால் அது அழிந்துவிட்டது. ஆனால் டேட்டா ஒரு எம்ஐபி தள்ளித்தான் தொடங்குகிறது. அதாவது நெல் அப்படியே இருக்கிறது, குதிரின் பெயர்ப்பலகை மட்டும் போயிருக்கிறது.

முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அன்று முழுக்க அதுதான் வேலை. அது இல்லாமல் அடுத்த வரியைத் தட்ட மாட்டேன். விஜியில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்விஎம் அதன் வரைபடத்தை /இடிசி/எல்விஎம்/பேக்கப் ஃபோல்டரில் ஒரு எழுத்துக் கோப்பாக எழுதி வைக்கும். அச்சகத்தில் சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில் இருந்ததால் அந்தக் கோப்பு பத்திரமாக இருந்தது. அதைத் திறந்து பிவியின் யுயுஐடியைக் குறித்துக்கொண்டேன். வைப்எஃப்எஸ் வைத்து ஜிபிடி அடையாளத்தை நீக்கினேன். பிறகு:

பிவிகிரியேட் --யுயுஐடி (குறித்த எண்) --ரெஸ்டோர்ஃபைல் /இடிசி/எல்விஎம்/பேக்கப்/அச்சு /டெவ்/எஸ்டிபி
விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் அச்சு
விஜிசேஞ்ச் -ஏஒய் அச்சு

மவுண்ட் செய்வதற்கு முன் எஃப்எஸ்சிகே -என் ஓட்டினேன். அது எதையும் திருத்தாமல் சோதிக்க மட்டும் செய்யும். சுத்தம் என்று வந்தது. ஃபோல்டரைத் திறந்ததும் வருட வாரியாக டிசைன்கள் வரிசையாக நின்றன. அந்த அம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தேடச் சொல்லி, திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே போனார்.

உங்கள் சர்வரில் ரூட்டும் அதே விஜிக்குள் இருந்தால் அந்தக் கோப்பும் கூடவே மாட்டிக்கொள்ளும். இன்றைக்கே விஜிசிஎஃப்ஜிபேக்கப் ஒருமுறை ஓட்டி, /இடிசி/எல்விஎம் ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள். சில கேபிதான் வரும். அச்சகத்தில் இப்போது டிஸ்க்கின் முன்பக்கம் மாஸ்கிங் டேப்பில் சீரியலின் கடைசி நான்கு எழுத்தும், கீழே “விண்டோஸில் மாட்டாதே” என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.